உமிச் சாம்பலுக்கு யார் அதிகாரி?

போன மாதம் விழுப்புரத்தில், புதிதாகச் சேர்ந்த சுகாதார ஆய்வாளர்களுக்குப் பயிற்சி நடந்தது. ஓய்வு பெற்றவன் வீட்டில் சும்மாதானே இருப்பான் என்று என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பொதுத் தொல்லையைப் பற்றி ஆரம்பித்து, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் நூற்று முப்பத்து மூன்றாம் பிரிவு என்று நான் சொன்னதுதான் தாமதம், முன் வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்துவிட்டாள்.

"சார், அது மாறிடுச்சு. புதுச் சட்டத்துல நூத்தி அம்பத்திரண்டு."

அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். முப்பது வருஷத்துக்கு மேலாக வாயில் ஊறிய எண் அது. என் பழைய ஸ்கூட்டரின் நம்பரைக்கூட நான் மறப்பேன், நூற்று முப்பத்து மூன்றை மறக்க மாட்டேன்.

அந்தப் பெண் உட்காரவில்லை. "இன்னொரு டவுட் சார். சுற்றுச்சூழல் சட்டம் தனியா இருக்குது, பொதுச் சுகாதாரச் சட்டம் தனியா இருக்குது. ஒரு இடத்துல புகை வருதுன்னா நாம போகணுமா, மாசுக் கட்டுப்பாட்டுக்காரங்க போகணுமா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டீயும் மசால் வடையும் வந்துவிட்டன. வடைக்குப் பிறகு சட்டம் பேசினால் யார் கேட்பார்கள்? சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

வேதியியல் படித்துவிட்டு, சுகாதார ஆய்வாளர் பயிற்சிக்குப் போனவன் நான். கொசுவின் பருவங்கள், கிணற்றுக்குக் குளோரின் போடும் அளவு, பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். சட்டம் கடைசியாக வந்தது. அதையும் பரீட்சைக்காகத்தான் படித்தோம். முதல் வேலை முகையூர் வட்டாரத்தில். சைக்கிள், ஒரு பை, பையில் குளோரின் சோதிக்கும் மருந்து பாட்டில். அப்படித்தான் தொடங்கியது.

என்னை உத்தியோகஸ்தன் ஆக்கியவர் டாக்டர் மங்கையர்க்கரசி. எனக்கு மேலதிகாரியாக இருந்தவர். குட்டையான உருவம், பருத்திப் புடவை, மேசை மேல் எப்போதும் ஒரு கிண்ணத்தில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. யார் மேலும் குரல் உயர்த்த மாட்டார். மல்லாட்டையை உரித்துக்கொண்டே நம் அறிக்கையைப் படிப்பார். உரிப்பது நின்றுவிட்டால் நமக்குக் கஷ்டகாலம்.

முகையூர்ப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணை மீது புகார் வந்தது. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெரிய எழுத்தாளன் மாதிரி எழுதிக் கொடுத்தேன். 'சகிக்க முடியாத துர்நாற்றம் வீசுகிறது. ஈக்கள் ஏராளமாக மொய்க்கின்றன. பொதுமக்கள் சொல்லொணாத் துயரத்துக்கு ஆளாகின்றனர்.'

உரிப்பது நின்றது.

"யாரால சகிக்க முடியல?"

"மக்களால, மேடம்."

"எந்த மக்கள்? அவங்க வீடு பண்ணையிலேர்ந்து எந்தத் திசையில?"

டாக்டர் சிவப்புப் பென்சிலை எடுத்து, 'சகிக்க முடியாத' என்பதை அடித்தார். 'ஏராளமாக' என்பதை அடித்தார். 'சொல்லொணா' போனது. மிச்சம் இருந்ததை எனக்கே படித்துக் காட்டினார். "நாற்றம் வீசுகிறது, ஈக்கள் மொய்க்கின்றன, மக்கள் துயரப்படறாங்க. இவ்ளோதான் இன்ஸ்பெக்டர் நீங்க பாத்தது. இதை நான் ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டே எழுதிடுவேனே!"

அப்போதே ஜீப்பைக் கூப்பிட்டார். பண்ணைக்குப் போகவில்லை. பண்ணைக்குக் கிழக்கே இருந்த ஒரு வீட்டுக்குச் சாப்பாட்டு நேரத்தில் போய், "கொஞ்ச நேரம் உக்காந்துக்கலாமா?" என்று கேட்டு உட்கார்ந்தார். அந்த வீட்டுக்காரர் வயலிலிருந்து வந்து கேப்பைக் களி சாப்பிட உட்கார்ந்தார். டாக்டர் என்னிடம் மெதுவாக, "இப்ப பாக்கறதை மட்டும் எழுதுங்க" என்றார்.

நான் எழுதினேன். வீட்டுக்காரர் வலது கையால் சாப்பிட்டார். இடது கையால் தட்டின் மேல் துண்டை வீசிக்கொண்டே இருந்தார். ஒரு வாய்கூட வீசாமல் சாப்பிடவில்லை. பட்டப்பகலில் குழந்தையின் தூளிக்குக் கொசுவலை கட்டியிருந்தது. குடத்தின் வாயில் துணி, துணி மேல் தட்டு, தட்டு மேல் கல்.

திரும்பும்போது ஜீப்பில் டாக்டர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. "குழாயிலேர்ந்து, சிம்னியிலேர்ந்து என்ன வெளிய போச்சுன்னு மாசுக் கட்டுப்பாட்டுக்காரங்க சட்டம் கேக்கும். அது யாரு உடம்புல போய்ச் சேந்துதுன்னு நம்ம சட்டம் கேக்கும். நடுவுல இருக்கறது காத்தும் தண்ணியும். அதுக்குன்னு ஒரு டிபார்ட்மென்ட்டு கிடையாது. நாமதான் நடந்து போகணும்."

நடந்து போவது மட்டுமா, பஸ்ஸிலும் போக வேண்டும். பனமலைப் பக்கத்தில் ஒரு கிணற்றுத் தண்ணீரில் சந்தேகம் வந்து, மாதிரி எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து விழுப்புரம் ஆய்வகத்துக்குக் கொண்டு போனேன். பஸ்ஸில் ஒரு குழந்தை பெட்டியைப் பார்த்து ஐஸ்கிரீம் வேண்டும் என்று அழ ஆரம்பித்தது. "தண்ணிம்மா, வெறும் தண்ணி" என்றேன். "இருக்கறதைக் குடுத்தா இன்னா, இவ்ளோ பெரிய பொட்டி வச்சிக்கினு" என்று குழந்தையின் தாய் என்னைத் திட்டினாள். கண்டக்டரும் அவள் பக்கம். கடைசியில் பெட்டியைத் திறந்து காட்டிய பிறகுதான் பஸ் நிம்மதியாகப் போனது.

இனி, நான் சொல்ல வந்த வழக்கு. அப்போது திண்டிவனம் பக்கத்தில் மேற்பார்வையாளராக இருந்தேன். டாக்டர் மங்கையர்க்கரசி அதற்குள் மாவட்ட அளவிலான பொறுப்புக்கு வந்திருந்தார்.

ஊருக்கு வெளியே ஒரு பெரிய அரிசி ஆலை. முதலாளி பெயர் தணிகாசலம். சொந்த நிலத்தில் நெல் போட்ட குடும்பம். நெல்லை விற்பதைவிட அரைத்து விற்கலாம் என்று ஆலை தொடங்கி மேலே வந்தவர். ஆலையில் நெல்லைப் புழுக்க பாய்லர் உண்டு. பாய்லருக்கு எரிபொருள் உமி. உமி எரிந்தால் கறுப்புச் சாம்பல். ஆலைக்குக் கிழக்கே ஒரு தெரு. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து காற்று அடித்தால் அந்தத் தெருவில் கரி பெய்யும்.

அந்தத் தெருவில் இருந்தவர் மும்தாஜ். கோட்டக்குப்பத்தில் பிறந்து திண்டிவனத்துக்கு வாழ வந்தவர். பள்ளிச் சீருடை தைப்பார். பள்ளி திறக்கிற சமயத்தில் வீடு முழுக்க வெள்ளைச் சட்டைத் துணிதான். அதே சமயத்தில்தான் காற்றும் அடிக்கும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வேர்த்து வடிந்து தைப்பார். ஒருநாள் கண்ணில் கரி விழுந்தது. கசக்கிவிட்டார். உமிச் சாம்பல் மண்ணைப் போலக் கரகரப்பானது, கசக்கினால் கருவிழியைக் கீறிவிடும். மறுநாள் கண் இரத்தமாகச் சிவந்து, அப்புறம் கருவிழியில் புண்ணாகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பார்வை தப்பியது. ஆனால் அந்தப் பருவத்துத் தையல் வேலை மொத்தமும் போயிற்று.

கண் கட்டைப் பிரித்ததுமே என்னிடம் புகார் கொடுக்க வந்தார். கூடவே அவர் கணவர் காதரும் வந்தார். வந்தது ஆதரவுக்கு அல்ல. காதர் அதே ஆலையில் பாய்லர் தொழிலாளி.

"சார், இத்த வாங்காதீங்க" என்றார் காதர். "நான் பாய்லர்ல நிக்கறவன். மொதலாளி மூஞ்சில எப்டி முழிக்கறது?"

"நீங்க பாய்லர்ல நில்லுங்க, வேணாங்கல" என்றார் மும்தாஜ். "நான் மிஷின்ல உக்காந்துக்கினு இருக்கேன். ரெண்டு பேருக்கும் கண்ணு வேணும் இல்ல?"

காதர் என்னைப் பார்த்தார். நான் புகாரை வாங்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம்தான் பேஜார் ஆரம்பித்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துப் பொறியாளர் வந்தார், சிம்னியில் அளவெடுத்தார். எல்லாம் வரம்புக்குள்தான் இருந்தது. தணிகாசலம் நிறையச் செலவு செய்து, புகையிலிருந்து தூசியைப் பிரிக்கும் இயந்திரம் வைத்திருந்தார், அது நன்றாகவே ஓடியது. ஆலையை ஓட்டலாம் என்ற வாரியத்தின் இசைவாணையும் கையில் இருந்தது. ஊராட்சி உரிமமும் சரியாக இருந்தது. எல்லாக் காகிதமும் சரி. கண்கள்தான் சிவப்பாக இருந்தன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் மருத்துவ உதவியாளர் தெருவாரியாகப் பிரித்துப் பார்த்தார். கண்ணில் தூசி என்று வருகிறவர்களில் அந்தத் தெருக்காரர்கள்தான் மிகுதி. ஆனால் ஆலைக்கு மேற்கே இருந்த தெருவிலிருந்து அநேகமாக யாருமே வரவில்லை.

தணிகாசலத்தைப் போய்ப் பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் சூடாக.

"இன்னா சார், மிஷின் போடச் சொன்னாங்க, போட்டேன். ஆபீசருங்க வந்து பாத்து ஓகேன்னு எழுதிக்கினு போனாங்க. இன்னும் இன்னா பண்ணணும் நான்? செங்கச் சூளையிலேர்ந்து கூட கரி வரும், ரோட்ல லாரி போனாக்கூட வரும். எல்லாத்துக்கும் என் சிம்னிதான் கெடச்சுதா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. டாக்டரிடம் போனேன். மல்லாட்டை உரித்துக்கொண்டே கேட்டார்.

"கரி எங்கேர்ந்து வருதுன்னு யாராவது பாத்தாங்களா?"

"சிம்னியிலேர்ந்துதான் மேடம்."

"பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

உரிப்பது நிற்கவில்லை, ஆனாலும் எனக்கு முகையூர் ஞாபகம் வந்துவிட்டது.

சுகாதார நிலையத்திலிருந்து வெள்ளை எனாமல் தட்டுகளை எடுத்துக்கொண்டேன். வாஸ்லின் தடவி, ஆலையைச் சுற்றி நான்கு திசையிலும் சில மாடிகளில் வைத்தேன். தினமும் சாயங்காலம் போய்ப் பார்த்து, படம் எடுத்து, துடைத்து, மறுபடி தடவி வைப்பேன். இப்படிச் செய்யச் சொல்லிச் சட்டத்தில் இல்லை, செய்யக் கூடாது என்றும் இல்லை. தெருவுக்கு இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. "ஹெல்த்து சார் கரி அறுவடைக்கு வந்துட்டாரு" என்பார்கள். ஒரு தட்டை ஒரு வீட்டில் வடாம் காயப் போட எடுத்துக்கொண்டார்கள். இன்னொன்றில் காக்கா உட்கார்ந்து, காலில் வாஸ்லின் ஒட்டி, தத்தித் தத்திப் போனதை எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

கிழக்கு மாடித் தட்டுகள் கறுத்தன, மேற்கே வெள்ளையாகவே இருந்தன. ஆக, செங்கல் சூளையும் அல்ல, லாரியும் அல்ல. ஆனால் சிம்னி அளவு சரியாக இருக்கிறதே, அதற்கு என்ன பதில்?

அந்த நேரத்தில் பாய்லரைச் சுத்தம் செய்வதற்காக ஆலையைச் சில நாள் நிறுத்தினார்கள். புகையே இல்லாதபோது தட்டு எதற்கு என்று எடுக்கப் போனேன். மும்தாஜ் விடவில்லை.

"இருக்கட்டும் சார். எங்க வூட்டுக்காரரு வூட்ல இருக்கறப்ப கரி வருதா இல்லையான்னு பாத்துடலாம்."

மறுநாள் சாயங்காலம் போனேன். மும்தாஜோடு காதரும் மாடிக்கு வந்தார். நல்ல காற்று. தட்டு கறுப்பாக இருந்தது, ஆலை ஓடிய நாள்களில் கறுத்த மாதிரியே. காதர் தட்டைப் பார்த்தார், புகையில்லாத சிம்னியைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார்.

"சார், பாய்லரு ஆஃப்ல இருக்குது. பாய்லர்காரன் நான் இங்க நிக்கறேன். அப்ப இத்த யாரு உட்டது?"

அவர் கேட்டு முடிக்கவும் காற்று ஒரு தூக்குத் தூக்கியது. ஆலையின் பின்பக்கச் சுவருக்கு மேலே, கறுப்புத் துணியை யாரோ உதறிய மாதிரி ஒன்று எழும்பி, விரிந்து, எங்களை நோக்கி வந்தது. மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டோம்.

பின்கட்டில் திறந்த வெளியில் குவித்து வைத்திருந்த சாம்பல் மேடு. இயந்திரம் பிரித்தெடுத்த தூசி, அடுப்பிலிருந்து அள்ளிய சாம்பல், எல்லாம் அங்கேதான் கொட்டப்பட்டது. லாரி வரும்வரை அப்படியே கிடக்கும். இயந்திரம் நன்றாக வேலை செய்யச் செய்ய மேடும் நன்றாக வளர்ந்தது. இத்தனை நாளும் நாங்கள் எல்லாரும், அதிகாரிகளும் தெருக்காரர்களும், அண்ணாந்து சிம்னியையே பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே குனிந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மாடியில் நின்று மூவரும் கரி பூசிய முகத்தோடு சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

டாக்டரின் அறிக்கையோடு விஷயம் திண்டிவனம் சப் கலெக்டரிடம் போனது. வடநாட்டிலிருந்து வந்த இளைஞர், நல்ல மனிதர். தமிழைப் புத்தகத்தில் கற்றவர். சாம்பல் தொல்லையை நீக்க வேண்டும், மறுப்பு இருந்தால் வந்து சொல்ல வேண்டும் என்று நூற்று முப்பத்து மூன்றின் கீழ் நிபந்தனை உத்தரவு போட்டார். தணிகாசலம் வக்கீலோடு வந்தார்.

அன்றைக்கு அலுவலக வாசலில் ஆலைத் தொழிலாளர்கள் கூட்டமாக நின்றார்கள். ஆலையை மூடப் போகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். காதர் அந்தக் கூட்டத்தில் நின்றார். மும்தாஜ் அவரைக் கடந்துதான் உள்ளே வர வேண்டும். கூட்டத்தில் ஒருவர், "குடும்பத்தையே நடுத்தெருல நிறுத்திட்டியேம்மா" என்றார். மும்தாஜ் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஆலை மூடினால் அந்தத் தெருவில் பாதி வீட்டில் அடுப்பு எரியாது. அது தெரியாதவன் அல்ல நான்.

வக்கீல் இசைவாணையை நீட்டினார். "வாரியம் அளந்து சரின்னு சொன்ன பிறகு, சுகாதாரத் துறை அதே காற்றைத் தப்புன்னு சொல்ல முடியுமா?"

டாக்டர் எழுந்தார். கூட்டத்தில் பேசும்போதும் அதே வீட்டுக் குரல்தான்.

"வாரியம் சொன்னது சரி. நான் சொல்றதும் சரி. அவங்க சிம்னியை அளந்தாங்க, அதுல குத்தம் இல்ல. நாங்க கண்ணைப் பாத்தோம், அதுல கரி இருக்கு. சிம்னி அணைஞ்சிருந்த நாள்லயும் கரி வந்துது. பின்கட்டுல இருக்கற சாம்பல் மேட்டுலேர்ந்து வருது. வாரியத்துப் பொறியாளரையும் நேத்து கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். அவரும் இங்கதான் இருக்கார்."

பொறியாளர் எழுந்து, ஆமாம், மேட்டை மூடி வைக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். வக்கீல் கட்சிக்காரரைப் பார்த்தார். தணிகாசலம் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

சப் கலெக்டர் மும்தாஜிடம் திரும்பினார். "அம்மா, தாங்கள் கோரும் தீர்வு யாது?"

மும்தாஜ் என் பக்கம் சாய்ந்தார். "இன்னா சார் கேக்கறாரு?"

"உனக்கு என்ன வேணும்னு கேக்கறாரும்மா."

அவர் எழுந்து நின்றார். வாசலில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மில்ல மூட வேணாம் சார். கரிய மூடுங்க. அது போதும்."

வெளியே சலசலப்பு அடங்கியது. சப் கலெக்டர் பேனாவை எடுத்தபோது லேசாகச் சிரித்தார் என்றே எனக்குத் தோன்றியது. ஆலையை நிறுத்த உத்தரவு இல்லை. சாம்பலை மூடிய கொட்டகையில்தான் வைக்க வேண்டும், தண்ணீர் தெளித்து ஈரமாக வைக்க வேண்டும், லாரியில் தார்ப்பாய் போட்டு மூடித்தான் எடுத்துப் போக வேண்டும், சாம்பல் அள்ளும் தொழிலாளர்களுக்குக் கண்ணாடி தர வேண்டும், சுகாதாரத் துறை அவர்கள் கண்ணையும் தெருக்காரர்கள் கண்ணையும் பரிசோதிக்க வேண்டும். வாரியமும் நாங்களும் சேர்ந்து போய்ப் பார்த்து அறிக்கை தர வேண்டும்.

வெளியே வந்த தணிகாசலம் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "ஏன் சார், கொட்டாய் போடறதா பெரிய விஷயம்? மிஷினுக்கு ஆன செலவுல இது எந்த மூலைக்கு? இத்த மொதல்லயே ஒருத்தன் சொல்லியிருந்தா?"

"மொதல்ல யாருக்கும் தெரியல சார். எனக்கும்தான்" என்றேன். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, அவரும் சிரித்துவிட்டார்.

காதர் தயங்கித் தயங்கி அவரிடம் வந்தார். "மொதலாளி, எம் பொண்டாட்டி..."

"உன் பொண்டாட்டி கேஸ்ல நான் தோத்துட்டேன்டா. நீ ஜல்தியா மில்லுக்குப் போ. ஷிஃப்ட்டு ஆரம்பிச்சிடும்" என்றார்.

அடுத்த ஆடியில் கூட்டு ஆய்வுக்குப் போனோம். வாரியத்துப் பொறியாளர், டாக்டர், நான், தணிகாசலம். கொட்டகையைப் பார்த்தோம், ஈரச் சாம்பலைத் தொட்டுப் பார்த்தோம். கடைசியில் டாக்டர், "அந்த மாடியிலேர்ந்தும் பாத்துடலாம்" என்றார். மும்தாஜ் வீட்டு மாடிக்கு எல்லாரும் ஏறினோம்.

காற்று புடவையைப் பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி அடித்தது. மாடி முழுக்கக் கொடி கட்டி, துவைத்த சீருடைச் சட்டைகளைக் காயப் போட்டிருந்தார் மும்தாஜ். வெள்ளை வெளேரென்று வரிசை வரிசையாகச் சட்டைகள் உப்பி ஆடின. முன்பெல்லாம் அந்த மாதத்தில் அந்தத் தெருவில் யாரும் மாடியில் துணி போட்டதே இல்லை.

தணிகாசலம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தன் ஆலையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். அந்தத் தெருவுக்கே அவர் வந்ததில்லை. அவர் ஆலையின் வாசல் மறுபக்கத்து ரோட்டில் இருந்தது.

"இங்கேர்ந்து பாத்தா நம்ம மில்லு எவ்ளோ கிட்டக்க இருக்குது..." என்றார், யாரிடம் என்றில்லாமல்.

மும்தாஜ் ஒரு தட்டில் டீயோடு மேலே வந்து, முதல் டம்ளரை அவரிடம் நீட்டினார். அடித்த காற்றில் கரி விழுந்துவிடுமோ என்பதுபோல், அவர் கையைக் குவித்து டம்ளரின் வாயை மூடிக்கொண்டார்.

"மூட வேணாம் மொதலாளி" என்றார் மும்தாஜ். "தெறந்தே குடிங்க."

அவர் கையை எடுத்தார்.